ஜெனரேட்டரை எங்க வச்சிருக்கீங்க?

வாசகர் கேள்வி பதில் பகுதிக்கு இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், அணு உலை. 13வது மலேசியத் திட்டத்துல அணுசக்தி பேச்சு மறுபடி வந்ததுல இருந்து எல்லாருக்கும் புகுஷிமா ஞாபகம் வந்திருக்கு. 27 வருஷம் மின் நிலையத்துல வேலை பார்த்தவன்ங்கிறதால என்கிட்டயே கேட்டிருக்கீங்க. மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: ஐயா, எனக்கு தஞ்சோங் பூங்கா, பினாங்கு. 2004 சுனாமி அன்னிக்கு என் அண்ணன் புள்ளைங்கள கூட்டிட்டு பத்து பெரிங்கி போயிருந்தாரு. கடல் சத்தம் வேற மாதிரி கேக்குதேன்னு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஏறிட்டாரு, விரிச்ச பாய், சாப்பாட்டு டிபன், செருப்பு எல்லாம் தண்ணியோட போயிடுச்சு. ஜப்பான்ல நடந்தத டிவியில பார்த்தப்போ அதே நடுக்கம் வந்துச்சு. இங்க அணு உலை கட்டினா நமக்கும் அப்படித்தான் ஆகுமா?

பதில்: அம்மா, உங்க அண்ணன் செஞ்சதுதான் பெரிய விஷயம். அன்னிக்கு நம்ம நாட்டுல 68 பேர் போயிட்டாங்க, அதுல பெரும்பாலானவங்க பினாங்குக்காரங்கதான். சுமத்ரா தீவு முன்னால சுவர் மாதிரி நின்னதாலதான் அதோட போச்சு, இல்லேன்னா நெனச்சு பார்க்கவே முடியல.

புகுஷிமாவுல என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்றேன், ஏன்னா பாதி பேர் நிலநடுக்கத்துல உலை உடைஞ்சிருச்சுன்னு நினைக்கிறாங்க. 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, அவங்க நேரம் மதியம் 2.46, நம்ம நேரத்துக்கு 1.46. 9 அளவுக்கு நிலநடுக்கம். மொத்தம் ஆறு உலை, அதுல மூணுதான் அன்னிக்கு ஓடிட்டு இருந்துச்சு, மத்த மூணும் பராமரிப்புக்காக நிறுத்தி வச்சிருந்தாங்க. நிலம் ஆட ஆரம்பிச்சதுமே ஓடிட்டு இருந்த மூணும் தானாவே நின்னுடுச்சு, அதுல ஒரு கோளாறும் இல்ல. வெளியில இருந்து வர்ற கரண்ட் லைன் விழுந்துடுச்சு, உடனே டீசல் ஜெனரேட்டர் எல்லாம் ஸ்டார்ட் ஆச்சு. அதுவும் சரியாத்தான் ஓடுச்சு.

ஆனா அணு உலையில ஒரு விஷயம் இருக்குங்க, சுவிட்ச் ஆஃப் பண்ணினா கூட அது முழுசா ஆறாது. எரிபொருளுக்குள்ள உண்டான கதிரியக்கப் பொருள் எல்லாம் சிதைஞ்சுக்கிட்டே இருக்கும், நிறுத்தின நொடியில முழு சூட்டுல 6, 7 சதவீதம் மிச்சம் இருக்கும், ஒரு நாள் கழிச்சு பார்த்தா அரை சதவீதம். அரை சதவீதம்தானேன்னு தோணும், அங்க 2வது உலையில அந்த அரை சதவீதம்னா நம்ம வீட்டு மின் கேத்தல் ஆறாயிரம் ஒரே நேரத்துல கொதிச்சா எவ்வளவு சூடோ அவ்வளவு, அதுவும் ராத்திரி பகல் நிக்காம. அதனால தண்ணி பாய்ஞ்சுக்கிட்டே இருக்கணும், தண்ணிக்கு பம்ப் வேணும், பம்புக்கு கரண்ட் வேணும்.

ஏறக்குறைய 50 நிமிஷம் கழிச்சு பெரிய அலை வந்துச்சு, 14, 15 மீட்டர் உயரம். அவங்க கணக்கு போட்டு வச்சிருந்தது 5.7 மீட்டர் அலைக்கு. டீசல் ஜெனரேட்டர்ல பெரும்பாலானது இருந்த இடம் கட்டடத்தோட அடித்தளம், கடல் பக்கம், தண்ணி நேரா அங்கதான் போச்சு. சுவிட்ச் போர்டும் முங்கிடுச்சு, 1, 2வது உலைங்களோட பேட்டரியும் போச்சு. கண்ட்ரோல் ரூம்ல டார்ச் லைட்ட புடிச்சுக்கிட்டு மீட்டர் பார்த்தாங்க, கார் பார்க்ல நின்ன காருங்கள்ல இருந்து பேட்டரிய கழட்டி தூக்கிட்டு வந்து ஒண்ணோட ஒண்ணு கட்டி, உலைக்குள்ள தண்ணி மட்டம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டருக்கு கனெக்ஷன் குடுத்தாங்க. இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, அந்த ஷிப்ட்ல நின்னவங்க என் மாதிரி ஆளுங்கதானே.

இன்னொண்ணு சொல்லணும், இது யாரும் அதிகமா பேசறதில்ல. 6வது உலைக்கு மேட்டுல தனியா ஒரு ஜெனரேட்டர் வச்சிருந்தாங்க, கடல் தண்ணி தேவையில்லாம காத்துலயே குளிர்ற வகை. அது ஒண்ணுதான் நிக்காம ஓடுச்சு, அந்த ஒண்ண வச்சே 5, 6 ரெண்டு உலையையும் காப்பாத்திட்டாங்க. ஒரே வளாகம், ஒரே அலை. மேல இருந்தது ஓடுச்சு, கீழ இருந்தது முங்கிச்சு.

அந்த வளாகமே முதல்ல 35 மீட்டர் உயர மேடு. கடல்ல இருந்து தண்ணி ஏத்துறதுக்கு வசதியா இருக்கணும்னு வெட்டி 10 மீட்டருக்கு இறக்கிதான் கட்டினாங்க. வடக்கால ஒனகாவான்னு இன்னொரு அணு மின் நிலையம், நிலநடுக்கம் வந்த இடத்துக்கு இன்னும் கிட்ட. அத கட்டும்போதே பழைய சுனாமிக் கதையெல்லாம் பார்த்துட்டு 14.8 மீட்டர் உயரத்துல வைக்கணும்னு ஒருத்தர் பிடிவாதமா நின்னாரு, யானோசுகே ஹிராய்னு அந்த மின் கம்பெனியில பெரிய பொறுப்புல இருந்தவரு. அலை வந்தப்ப அந்த உலைங்க பத்திரமா நின்னுடுச்சு, அதுமட்டுமில்ல, வீடு இழந்த ஊர் மக்கள் அந்த நிலையத்துக்குள்ளயே வந்து தங்கினாங்க. புகுஷிமா கம்பெனியோட உள் கணக்குல 2008லயே 15.7 மீட்டர் அலை வரலாம்னு வந்திருந்துச்சு. இன்னும் ஆராய்ச்சி பண்ணுவோம்னு தள்ளி வச்சாங்க, சுவரும் ஏறல ஜெனரேட்டரும் ஏறல. 2012ல அவங்க நாடாளுமன்றம் வச்ச விசாரணைக் குழு, இது மனுஷன் உண்டாக்கின விபத்துன்னே எழுதிக் குடுத்துடுச்சு.

அதனால உங்க கேள்விக்கு பதில், நம்ம கடலுக்கு அவ்வளவு பெரிய அலை வர்ற வாய்ப்பு ரொம்ப கம்மி, பூமியோட பெரிய பாறைத் தட்டுங்க மோதிக்கிற ஓரத்துல நாம இல்ல. ஆனா கணக்குல வந்தத தள்ளி வைக்கிற பழக்கம் எந்த கடலோரத்துலயும் இருக்கும். நான் பயப்படறது அதுக்குத்தான்.

கேள்வி: அங்கிள், புகுஷிமாவுல கட்டடம் வெடிச்சத வீடியோவுல பார்த்தேன். அது அணுகுண்டு மாதிரியா? செர்னோபிலும் அதே மாதிரிதானா? (மாணவன், செந்தூல்)

பதில்: இல்ல தம்பி, ரெண்டும் குண்டு இல்ல. மின் உலைக்குப் போடுற யுரேனியம் குண்டு மாதிரி வெடிக்கிற தரத்துல இருக்காது. புகுஷிமாவுல எரிபொருள் குழாய்ங்க சிர்கோனியம்ங்கிற உலோகம், அது ரொம்ப சூடாகி நீராவியோட சேர்ந்தா ஹைட்ரஜன் வாயு வரும், அது மேல் தளத்துல தங்கி வெடிச்சது, மார்ச் 12ல முதல் உலைக் கட்டடம், 14ல மூணாவது. செர்னோபில் வேற கதை, 1986 ஏப்ரல் 26 விடியக்காலை 1.23க்கு ஒரு சோதனை பண்றேன்னு பாதுகாப்பு ஏற்பாட்டையெல்லாம் ஒவ்வொண்ணா நிறுத்தி வச்சிருந்தாங்க, அந்த உலையோட வடிவமைப்பே மோசம், தண்ணி ஆவியானா சக்தி இன்னும் ஏறும், சுத்தி கெட்டியான காப்புக் கட்டடமும் இல்ல. பக்கத்துல பிரிப்யாத்னு ஊர், ஏறக்குறைய 49,000 பேர், மறுநாள் மதியம் வரைக்கும் அவங்கள கிளப்பல. புள்ளைங்க ரோட்டுல விளையாடிட்டு இருந்துச்சுங்க. உலகத்துக்கே விஷயம் தெரிஞ்சது 28ந் தேதி, ஸ்வீடன்ல ஒரு அணு மின் நிலையத்துல வேலைக்கு வந்தவரோட ஷூவுல கதிரியக்கம் காட்டினப்பதான்.

கேள்வி: ஜப்பான் மீன் சாப்பிடலாமா, அந்த புகுஷிமா தண்ணிய கடல்ல விடறாங்களாமே? வீட்டுல அயோடின் உப்பு வாங்கி வச்சா நல்லதுன்னு வாட்ஸ்அப்புல வருது. (கிள்ளான், ஒரு அம்மா)

பதில்: உப்ப நம்பாதீங்கம்மா. அயோடின் மாத்திரைங்கிறது விபத்து நடந்த பக்கத்துல இருக்கறவங்களுக்கு, அரசாங்கம் சொல்ற நேரத்துல, தைராய்டு கதிரியக்க அயோடினை உறிஞ்சாம இருக்கறதுக்காக குடுக்கறது. அந்த அளவ உப்புல எடுக்கணும்னா கிலோ கணக்குல திங்கணும், கிட்னிதான் போகும். செர்னோபில்ல புள்ளைங்களுக்கு தைராய்டு புற்றுநோய் வந்தது பெரும்பாலும் பால்ல இருந்து, மாடு தின்ன புல்லு வழியா வந்துச்சு, அந்தப் பால உடனே நிறுத்தியிருந்தா எத்தனையோ புள்ளைங்க தப்பிச்சிருக்கும், அந்த அயோடின் எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியா குறையற சரக்குதான். கடல்ல விடற தண்ணி விஷயம், 2023 ஆகஸ்ட் 24ல இருந்து சுத்தம் பண்ணி கொஞ்சம் கொஞ்சமா விடறாங்க, மிச்சம் இருக்கறது முக்கியமா ட்ரிட்டியம், அதாவது கதிரியக்க ஹைட்ரஜன், ஒரு லிட்டருக்கு 1,500 பெக்கெரல் (கதிரியக்கத்த அளக்கற அலகு) தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்காங்க, உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கே 10,000 வரைக்கும் பரவாயில்லங்குது. நான் ஜப்பான் மீன் வாங்கினா சாப்பிடுவேன். எங்க வீட்டுல வாங்கறது கெம்போங், செலார்தான், அது வேற.

கேள்வி: அண்ணே, நம்ம ஊர் புக்கிட் மேராவ யாரும் பேசறதே இல்ல. எங்கப்பா ஈயச் சுரங்கத்துல வேலை பார்த்தவரு. கதிரியக்கம்னா நாங்க டிவியில பார்த்து தெரிஞ்சுக்கல. (ஈப்போ)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஈயம் எடுத்துட்டு மிச்சம் கிடக்கிற அமாங் மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்கும், அதுல இருந்து அரிய உலோகங்கள் எடுக்க ஏஷியன் ரேர் எர்த்னு ஒரு தொழிற்சாலை 1982ல ஈப்போ பக்கம் புக்கிட் மேராவுல ஆரம்பிச்சாங்க, மிட்சுபிஷிக்கு பங்கு இருந்த கம்பெனி. உலோகத்த எடுத்தா மிச்சம் வர்றது தோரியம், அது கதிரியக்கக் கழிவு. அத நிரந்தரமா எங்க வைக்கறதுன்னு முடிவாகறதுக்கு முன்னாடியே தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சிருச்சு. ஊர் மக்கள் 1985ல கோர்ட்டுக்குப் போனாங்க, சீனர், இந்தியர், மலாய்க்காரர்னு பார்க்காம கோர்ட் வாசல்ல உட்கார்ந்தாங்க. 1992ல ஈப்போ உயர்நீதிமன்றம் மூடச் சொல்லுச்சு, 1993 கடைசியில உச்சநீதிமன்றம் அத மாத்திடுச்சு, ஆனாலும் 1994ல கம்பெனியே மூடிட்டு போச்சு. புள்ளைங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்துச்சுன்னு ஊர்க்காரங்க சொன்னத கம்பெனி கடைசி வரைக்கும் ஒத்துக்கல. அப்புறம் பல வருஷம் மண்ண தோண்டி, கழிவ கிளேடாங் மலைப் பக்கம் கொண்டு போய் புதைச்சாங்க.

அங்க உலையே இல்ல, வெறும் ஒரு தொழிற்சாலை. கழிவு எங்க போகும்ங்கிற ஒரு கேள்விக்கு முதல் நாளே பதில் இல்லாததுக்கு ஒரு ஊர் எத்தனை வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னுச்சுன்னு பாருங்க. குவந்தான் பக்கம் கெபெங்ல லைனாஸ்னு இன்னொரு அரிய உலோகத் தொழிற்சாலை வந்தப்பவும் அதே கேள்விதான் திரும்ப வந்துச்சு. 1000 மெகாவாட் அணு உலை ஒண்ணு வருஷத்துக்கு 20, 25 டன் எரிஞ்ச எரிபொருள வெளிய தள்ளும். அளவு கம்மிதான், ஒரு சின்ன அறைக்குள்ள அடங்கும், ஆனா ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு பார்த்துக்கணும். பின்லாந்துக்காரங்க ஒன்காலோன்னு 400 மீட்டருக்கும் கீழ பாறைக்குள்ள குடைஞ்சிருக்காங்க, அதுக்கு அவங்க பல பத்து வருஷம் ஊர் மக்களோட உட்கார்ந்து பேசினாங்க. ஊராட்சி வேணாம்னு சொன்னா நிறுத்தற உரிமை அங்க இருந்துச்சு. புக்கிட் மேராவுல அந்த உரிமை யாருக்கு இருந்துச்சு?

கேள்வி: ஜெர்மனி மூடிட்டான், ஜப்பான் திரும்ப திறக்கறான். யாரு சரி? நாம சோலார மட்டும் வச்சே ஓட்டிட முடியாதா? (ஷா ஆலம்)

பதில்: ஜெர்மனி கடைசி மூணு உலைய 2023 ஏப்ரல் 15ல நிறுத்துச்சு. நிலக்கரிய முதல்ல மூடிட்டு அப்புறம் அணுவ மூடியிருந்தா நல்லாயிருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன், வரிசைய மாத்திட்டாங்க. ஜப்பான் எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்துச்சு, கரண்டுக்கு எரிவாயுவையும் நிலக்கரியையும் கப்பல் கப்பலா வாங்கினாங்க, அந்த எரிவாயுல ஒரு பங்கு நம்ம சரவாக் பிந்துலுவுல இருந்து போனதுதான், 2015 ஆகஸ்ட்ல செண்டாய் உலைய திரும்ப ஓட்ட ஆரம்பிச்சாங்க.

நம்ம கதைக்கு வாங்க. தீபகற்பத்துல கரண்டுல பெரும் பங்கு நிலக்கரியும் எரிவாயுவும், நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியாவுல இருந்து வருது. 1000 மெகாவாட் நிலக்கரி நிலையம் வருஷத்துக்கு ஏறக்குறைய 3 மில்லியன் டன் எரிக்கும். நான் வேலை பார்த்த இடத்துல ஷிப்ட் முடிஞ்சு வந்தா கைக்குட்டையில மூக்கு சிந்தினா கருப்பா வரும், பக்கத்து கம்பத்துல துணி காயப் போட்டவங்க மறுபடி துவைப்பாங்க. அந்தப் புகையில சாகறவங்கள யாரும் டிவியில காட்டறதில்ல, ஒவ்வொரு யூனிட் கரண்டுக்கும் கணக்கு போட்டா நிலக்கரி எடுக்கிற உயிர் அணுவை விட நூறு மடங்குக்கும் மேல, செர்னோபிலையும் புகுஷிமாவையும் சேர்த்தே சொல்றேன். புகுஷிமாவுலயே கதிர்வீச்சுல செத்தவங்கள விட, ராவோட ராவா கிளப்பி முதியோர் இல்லத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாத்தி மாத்தி அலைய வச்சு அதுல செத்த வயசானவங்கதான் ரொம்ப அதிகம், அந்தக் கணக்கு ஆயிரங்களத் தாண்டுது.

சோலார் நல்லது, எங்க தாமான்ல அஞ்சு கிலோவாட் போட்ட வீட்டுக்கு மாசத்துக்கு 500, 600 யூனிட் வருது, கரண்ட் பில் பாதிக்கு மேல இறங்கிடுச்சு. முடிஞ்சவங்க போடுங்க, நாளைக்கே போடுங்க. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டுலயும் ஏர்கோன் ஓடும்போது வெயில் இருக்காது, நவம்பர் மழையில மூணு நாள் மேகம் கலையாது. பேட்டரி விலை இறங்கிட்டு வருது, அணைத் தண்ணிய அந்த நேரத்துக்கு மிச்சம் வச்சு திறக்கலாம், கட்டடத்துல ஏர்கோன் வீணாகறத அடைச்சாலே ஒரு நிலையம் மிச்சம். நான் முதல்ல இதெல்லாத்தையும் பண்ணணும்ங்கற ஆளு. அதுக்கப்புறமும் பத்தலேன்னா அணுவ பேசலாம், நிலக்கரிய விட்டுட்டு அணுவ மட்டும் பேய்னு சொல்றத ஒத்துக்க மாட்டேன்.

கேள்வி: எங்க சொந்தக்காரங்க திருநெல்வேலிப் பக்கம், கூடங்குளம் கிட்ட. அவங்கள நினைச்சா பயமா இருக்குங்க. (சுங்கை பட்டாணி)

பதில்: 2011ல புகுஷிமா படம் பார்த்துட்டுதான் இடிந்தகரை மீனவ மக்கள் அவ்வளவு உறுதியா போராடினாங்க, கழுத்தளவு கடல் தண்ணியில நின்னாங்க. அவங்க கேட்ட கேள்வி எல்லாமே நியாயமான கேள்வி, தேசத் துரோகம்னு வழக்கு போட்டது தப்பு. உலையப் பத்தி மட்டும் சொல்லணும்னா, அது செர்னோபில் வகை இல்ல, ரெட்டைக் காப்புக் கட்டடம், உருகினா பிடிச்சு வைக்கற தொட்டி, கரண்ட் இல்லாமலே காத்துல சூட்ட வெளியேத்தற ஏற்பாடு எல்லாம் இருக்கு. 2004 சுனாமி அன்னிக்கு கல்பாக்கம் அணு மின் நிலையத்துல கடல் தண்ணி பம்ப் ஹவுஸுக்குள்ள புகுந்துச்சு, ஓடிட்டிருந்த உலைய பத்திரமா நிறுத்திட்டாங்க. சொந்தக்காரங்க கிட்ட கேளுங்க, வெளியேறும் ஒத்திகை ஊருக்குள்ள நடக்குதா, எந்த ரோட்டுல எந்த பஸ்ல போகணும்னு வீட்டு ஆயாவுக்கு தெரியுமான்னு.

கேள்வி: சார், நேரா கேக்கறேன். உங்க வீட்டுக்குப் பக்கத்துல உலை வருதுன்னா ஒத்துக்குவீங்களா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: நேராவே சொல்றேன். 90கள்ல ஒரு மழை ராத்திரி, நான் வேலை பார்த்த நிலையத்துல, பேர் வேணாம், லைன் டிரிப் ஆகி எல்லாம் இருட்டாயிடுச்சு. அவசர டீசல் ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆகணும், ஆகல. ஓடிப் போய் பட்டன அழுத்தினா டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். டார்ச் அடிச்சு பார்த்தா பேட்டரி முனையில பச்சையும் வெள்ளையுமா பூ பூத்து கிடக்கு, விரல் வச்சா உதிருது. கதவுல கம்பியில ஒரு கார்டு தொங்கும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து டிக் போட்டு கையெழுத்து போடணும். அந்த கார்டுல எல்லா வெள்ளிக்கிழமையும் டிக் இருந்துச்சு. அதுல ரெண்டு கையெழுத்து என்னோடது, ஓட்டிப் பார்க்காம போட்டது. பேட்டரியில ஓடற சின்ன ஆயில் பம்ப் ஒண்ணு தனியா இருந்துச்சு, அதுதான் அன்னிக்கு டர்பைன காப்பாத்துச்சு. நிலக்கரி நிலையம்ங்கறதால அதோட முடிஞ்சுது. மேல சொன்னா பிரச்சினை ஆகும்னு கார்ட மாத்திட்டாங்க, யாரும் வாய் திறக்கல, நானும் திறக்கல.

அந்த ராத்திரிக்கு அப்புறம் புது உலை, சின்ன உலை, பாதுகாப்பான டிசைன்னு யார் என்ன காட்டினாலும் நான் முதல்ல பார்க்கறது அந்த கார்டத்தான். நம்ம நாட்டுல ஒரு உலை ஏற்கனவே இருக்கு, பாங்கியில 1982ல இருந்து ஆராய்ச்சிக்காக ஓடற 1 மெகாவாட் சின்ன உலை, நம்ம புள்ளைங்க அத நல்லாவே பார்த்துக்கறாங்க, அதனால நமக்கு முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கட்டறவங்களும் கண்காணிக்கறவங்களும் ஒரே மந்திரி முகத்த பார்த்து வேலை செய்யக் கூடாது, நிறுத்துன்னு சொன்ன டெக்னீஷியனுக்கு மறுநாள் வேலை போகக் கூடாது, கழிவு எந்த ஊருக்குப் போகும்னு அந்த ஊர்ல வச்சு முன்னாடியே சொல்லணும். 2011 ஜனவரியில அணுமின் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சு 2021ல முதல் உலைன்னாங்க, ரெண்டே மாசத்துல புகுஷிமா வந்துச்சு, 2018ல வேணாம்னு நிறுத்தினாங்க, இப்ப மறுபடி. இத்தனை வருஷம் கிடைச்சும் இந்த மூணுக்கும் எங்க தாமான் மண்டபத்துக்கு வந்து யாரும் பதில் சொல்லல.

வந்து சொன்னா நான் முன் வரிசையில உட்காருவேன். கேக்கறது இதுதான், ஜெனரேட்டர எத்தனை மீட்டர் மேல வச்சிருக்கீங்க, போன வெள்ளிக்கிழமை ஓட்டினது யாரு, அந்த ஆள இங்க மேடைக்கு கூப்பிடுங்க, நான் அவர்கிட்ட பேசணும். அவர் என் முகத்த பார்த்து ஓட்டினேன்னு சொன்னா கையெழுத்து போடறேன்.